நீர்க்காகத்தின் புழு

கூழாவடிக்குளத்து மீனைத் தின்றுதான் தன் மகனின் வயிற்றில் புழு வந்தது என்று அன்னபாக்கியம் முதன்முதலாகச் சொன்னது விசுவமடுச் சந்தியில், கிளிநொச்சி பஸ்சுக்கு நின்ற சனத்துக்கு முன்னால். பஸ் கிளிநொச்சியில் போய் நிற்பதற்கு முன்பே கதை அங்கே போய்விட்டது. இப்போதெல்லாம் கதைக்குக் கால் தேவையில்லை, கைபேசி போதும். பின்னேரத்துக்குள் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்து, குளத்துத் தண்ணீரில் குளித்தாலே புழு தொற்றும் என்ற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அன்னபாக்கியம் பொய் சொல்கிற மனுசி இல்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். கனடாவிலிருந்து வந்திருந்த மகன் லக்ஷன் ஒருநாள் காலை வயிற்றைப் பொத்திக்கொண்டு மலசலகூடத்துக்குப் போனான். வெள்ளை நாடாத் துண்டு போல ஒன்றைக் கண்டு, பேயறைந்தவன் போல வெளியே வந்தான். மிச்சத்தை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து வெளியே எடுத்தபோது அது ஓர் ஆளைவிட நீளமாக இருந்தது.

அந்தப் புழுவைப் போத்தலில் வாங்கி, கழுவி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தவள் பிரஷாந்தினி. அவளுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. ஊர் விசுவமடு, அன்னபாக்கியம் வீட்டுக்கு நாலு வளவு தள்ளித்தான் அவள் வீடு. அவளுடைய அப்பா வீரகத்தி, கூழாவடிக்குளத்து மீன்பிடிச் சங்கத்தின் தலைவர். லக்ஷன் தின்ற மீன் அவருடைய வலையில் பட்டது. ஆக, புழு அவள் மேசைக்கு வந்தது, பழி அவள் வீட்டுக்கு வந்தது.

அன்னபாக்கியத்தின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபமில்லை. கடைசிச் சண்டையில் புருசனையும் மூத்தவனையும் பறிகொடுத்து, முகாமிலிருந்து வெளியே வந்தபின், மிஞ்சியிருந்த ஒரே பிள்ளையை அவர் கப்பலேற்றினார். அந்தக் கப்பல் எங்கே போகும், போய்ச் சேருமா என்று ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு வற்றாப்பளை அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். பிள்ளை கரை சேர வேண்டும். சேர்ந்தால், திரும்பி வந்து அம்மன் வாசலில் பொங்கும்வரை மீனோ இறைச்சியோ அவன் வாயில் வைக்கமாட்டான்.

கப்பல் கனடாவின் மேற்குக் கரையைத் தொட்டது. பிடித்து அடைத்து வைத்திருந்த இடத்திலிருந்து லக்ஷன் எடுத்த முதல் தொலைபேசியிலேயே தாய் நேர்த்தியைச் சொன்னார். அவன் "ஓம் அம்மா" என்றான். அதற்குப் பிறகு பதினாலு வருசம், என்ன சாப்பாடு என்று தாய் கேட்பார், பருப்பும் சோறும் என்று பிள்ளை சொல்வான். நேர்த்தி வைக்காத வீடு வன்னியில் இல்லை. ஆனால் இவ்வளவு காலம் நேர்த்தி காத்த பிள்ளையைப் பெற்றவர் அன்னபாக்கியம் ஒருவர்தான். கல்யாண வீடுகளில் அவருக்கு முன்வரிசைக் கதிரை கிடைத்ததற்கு அந்தப் பருப்பும் சோறும் ஒரு காரணம்.

பிள்ளை வந்தான், பொங்கினான். மறுநாள் விடிய அன்னபாக்கியம் தானே குளக்கரைக்குப் போய், வீரகத்தியின் வள்ளத்தில் நல்ல கெண்டையாகப் பார்த்து வாங்கி வந்து, பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தார். முள் எடுத்து, சோற்றோடு குழைத்து, முப்பது வயது தாண்டிய பிள்ளைக்கு ஊட்டியும் விட்டார். ஒரு கிழமையில், ஏழாம் நாள், புழு வந்தது. பதினாலு வருசத்தில் அவன் தின்ற முதல் மீன் அது. பிறகு வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்?

வார்ட்டில் டொக்டர் கேட்கத்தான் செய்தார். சுகம் விசாரிக்கப் போயிருந்த பிரஷாந்தினியும் அப்போது பக்கத்தில் நின்றாள்.

"பச்சை மீன் எப்பவாவது சாப்பிட்டனீங்களோ?"

"மீனே தொடாத பிள்ளை ஐயா" என்று தாய் முந்திக்கொண்டார்.

லக்ஷன் போர்வையைப் பார்த்துக்கொண்டு, "இல்லை" என்றான்.

பிரஷாந்தினிக்கு அங்கேயே நெருடியது. புழுவின் கணுக்களில் முட்டை நிறைந்து கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். முட்டை வைக்கிற வயதுக்கு ஒரு கிழமையில் அது வந்திருக்காது. ஒரு துண்டைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து பதில் வந்ததும் நெருடல் தீர்ந்தது, தலையிடி தொடங்கியது. அந்த இனம் பசிபிக் சமுத்திரத்தின் வடக்குக் கரைகளில் வாழ்வது. குஞ்சாக இருக்கும்போது சால்மன் மீனின் தசைக்குள் கிடக்கும். அந்த மீனைப் பச்சையாகத் தின்னும் கரடியின் குடலுக்குள் போய்த்தான் வளர்ந்து முட்டையிடும். கரடிக்குப் பதிலாக மனிதக் குடல் கிடைத்தாலும் அதற்குச் சம்மதம். விசுவமடுக் காட்டிலும் கரடி உண்டுதான். ஆனால் அது தேனுக்கும் கறையானுக்கும் அலைகிற கரடி, சால்மனைக் கனவிலும் கண்டிராது.

இத்தோடு விசயம் முடிந்திருக்கும், கூழாவடிக்குளத்து மீனில் உண்மையாகவே புழு இல்லாமல் இருந்திருந்தால். இருந்தது. அன்னபாக்கியத்தின் கதையைக் கேட்டவர்கள் மீன் வாங்கி வயிற்றைக் கீறிப் பார்த்தார்கள். சில கெண்டைகளுக்குள் வெள்ளையாக, தட்டையாக, சுருண்டு கிடந்தது. படம் எடுத்தார்கள். அந்தப் படம் எங்கெல்லாம் போனது என்று சொல்லத் தேவையில்லை.

குளத்துக்காரருக்கு அது பழைய சங்கதி. மீன் வெட்டும்போது குடலோடு சேர்த்துப் பிடுங்கி நீர்க்காகத்துக்குக் கொடுப்பார்கள். அதிலும் ஒரு முறை வைத்திருந்தார்கள். முதல்நாள் சேர்த்த குடலை ஒருவர் வள்ளத்தில் ஏற்றி, மேற்குப் பக்கம் தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்களடியில் கொண்டுபோய்க் கொட்டுவார். நீர்க்காகங்கள் அத்தனையும் அங்கே பறந்து போகும். அந்த நேரம் பார்த்து மற்றவர்கள் கிழக்குப் பக்கம் வலை தூக்குவார்கள். வலையைக் கிழிக்காமல் இருப்பதற்கு நீர்க்காகத்துக்குக் கொடுக்கும் பங்கு என்று வீரகத்தி அதைச் சொல்வார். நல்ல யோசனைதான். ஆனால் கெண்டைக்குள் இருந்த புழு கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடம் அதே நீர்க்காகத்தின் குடல்தான். அங்கே முட்டையிட்டு, எச்சத்தோடு குளத்தில் விழுந்து, திரும்பவும் மீனுக்குள் ஏறும். சங்கமே வள்ளம் வைத்துப் புழுவை வீடு கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது. குடலைக் கரையில் குழி வெட்டிப் புதைக்கிற அடுத்த குளத்தில் கெண்டையின் வயிறு சுத்தமாக இருந்ததைப் பிரஷாந்தினி பிறகு போய்ப் பார்த்துக்கொண்டாள்.

ஆக, இரண்டு புழு. ஒன்று கரடிக்கும் மனிதருக்கும், மற்றது நீர்க்காகத்துக்கு. ஒன்று மற்றதன் வீட்டில் குடியிருக்காது. பிரஷாந்தினிக்கு இது தெரியும். ஆனால் லக்ஷனின் புழுவைப் பற்றி அவள் வாய் திறந்தால், அவன் கனடாவில் பச்சை மீன் தின்றான் என்று சொன்னதாகிவிடும். ஆஸ்பத்திரியில் கண்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அவள் தொழிலின் சட்டம். அதோடு, அந்த ஒரு சொல்லில் அன்னபாக்கியத்தின் பதினாலு வருசமும் சரிந்து விழும்.

இந்தப் பக்கம் சங்கம் சரிந்துகொண்டிருந்தது. குளத்து மீனை எடுத்துப்போய் வவுனியாவில் விற்பவர் நாஸிம். அவருடைய சின்ன லொறி வராவிட்டால் சங்கத்துக்கு வேறு வழி இல்லை. அவர் வந்து, ஏற்றாமல், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"வீரகத்தி அண்ணை, கோவிக்காதீங்கோ. மீனைக் கண்டவுடனை வயித்தைக் கீறிக் காட்டு எண்டு சனம் நிக்குது. கீறிக் காட்டினால் ஓடுது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வைக்கிற கூட்டத்திலை ஒரு முடிவு தெரியட்டும். இல்லாட்டி நான் வேறை குளத்துக்காரருக்கு வாக்குக் குடுக்க வேணும். குடுத்தால் பிறகு திரும்பி வரேலாது."

இளம் ஆட்கள் ஏற்கெனவே ஆனையிறவு உப்பளத்தில் வேலை இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். வீரகத்திக்கு அந்த வயதெல்லாம் தாண்டிவிட்டது. மீளக் குடியேறியபோது வெறும் கையோடு வந்து, பத்துப் பேரைச் சேர்த்து, அந்தச் சங்கத்தைக் கட்டியவர் அவர்.

அன்றிரவு குசினியில் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது மகளைக் கேட்டார்.

"பிள்ளை, அந்தப் புழுவை நீதானே பாத்தனி?"

"ஓம் அப்பா."

"எங்கட குளத்துப் புழுவோ?"

"ஆஸ்பத்திரியிலை பாக்கிறதை வெளியிலை கதைக்கேலாது அப்பா."

"நான் வெளியாளோ?"

'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஆனால் 'அப்ப எங்கத்தைப் புழு?' என்று அடுத்த கேள்வி வரும். அப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. அவர் நச்சரித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். கேட்காமல் இருந்தது அவளை அழ வைத்தது.

சனிக்கிழமை அவள் லக்ஷனைத் தேடிப் போனாள். அவன் குளக்கட்டில் தனியாக நின்று, கவிழ்த்து வைத்திருந்த வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய புழு அவனுடையதுதானே. அவனிடம் சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை.

"லக்ஷன் அண்ணா, அது இந்தக் குளத்துப் புழு இல்லை. அது உங்கட பக்கத்துச் சால்மனிலை வாறது."

"தெரியும்" என்றான் அவன். "டொக்டர் பிறகு என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர்."

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் நிக்கிறியள்?"

"அம்மாவின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு எப்பிடிச் சொல்லுறது, பிரஷா? அவா உயிரோடை இருக்கிறதே அந்த நேர்த்தியிலைதான்." பிறகு வள்ளங்கள் பக்கம் திரும்பி, "உன்ர அப்பாவுக்கு நான் ஒரு புது வள்ளம் வாங்கித் தாறன்" என்றான்.

அவளுக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. "அதை எந்தக் குளத்திலை இறக்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கனடாவிலிருந்து வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் எதையாவது வாங்கித் தருவார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவள் ஸ்கூட்டியைத் திருப்பினாள். பாதி வழியில் அவனை நினைக்கப் பாவமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. சங்கத்து ஆட்கள், அவர்களுடைய வீட்டுக்காரர், பின்சுவரில் சாய்ந்துகொண்டு நாஸிம். அன்னபாக்கியம் முன்வரிசையில் இருந்தார். லக்ஷன் வாசலோரம் நின்றான். வீரகத்தி நாலு வார்த்தை பேசிவிட்டு, "என்ர மகள் மீன்புழுவைப் பற்றிச் சொல்லுவா" என்று உட்கார்ந்தார். மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்கே தெரியாது.

அவள் பொதுவாகத்தான் பேசினாள். மீனில் வாழும் நாடாப்புழு ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொன்று என்றாள். குளிர்நாட்டு ஆறுகளில் கரடியைத் தேடிப் போவது ஒன்று, தென்னமெரிக்கக் கடலோரத்தில் கடற்சிங்கத்தைத் தேடிப் போவது இன்னொன்று.

"எங்கட குளத்துப் புழு நீர்க்காகத்தைத் தேடிப் போறது. மனிசற்றை வயித்திலை அதாலை இருக்கேலாது. அதை வளத்து விடுறதும் நாங்கள்தான். குடலைக் கொண்டுபோய் நீர்க்காகத்துக்குக் கொட்டுறதை நிப்பாட்டி, குழி வெட்டித் தாட்டால், ரெண்டு மூண்டு வருசத்திலை கெண்டை சுத்தமாயிடும்."

"அப்ப இவ்வளவு காலமும் புழுவுக்கு வள்ளம் ஓடியிருக்கிறம்" என்று ஒருவர் சொல்ல, மண்டபம் சிரித்தது. பிரஷாந்தினிக்கு மூச்சு வந்தது. முடிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

அன்னபாக்கியம் எழுந்தார்.

"பிள்ளை, நீ படிச்சனி, சொல்லுறது சரியாத்தான் இருக்கும். ஆனா என்ர பிள்ளை பதினாலு வருசம் மச்சம் மாமிசம் தொடேல்லை. இந்தக் குளத்து மீன் ஒண்டுதான் திண்டவன். அப்ப அந்தப் புழு எந்த மீனிலை வந்தது? அதைச் சொல்லு."

சிரிப்பு அடங்கியது. எல்லாருடைய கண்ணும் பிரஷாந்தினியின் மேல். அவள் வாசல் பக்கம் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டாள்.

"நான் உங்கட வயித்திலை அடிக்க வரேல்லை" என்று அன்னபாக்கியம் சங்கத்தாரைப் பார்த்துச் சொன்னார். "கடைசிச் சண்டைக்குள்ளை மாத்தளனிலை எங்களைப் பங்கருக்குள்ளையிருந்து இழுத்து எடுத்தது வீரகத்தி அண்ணை. அதை மறப்பனோ? ஆனா என்ர கையாலை, முள்ளெடுத்து, நானே ஊட்டினனான். இன்னொரு தாய் அப்பிடி ஊட்டிப்போடக் கூடாது எண்டுதான் சொன்னனான். இந்தக் கையாலை இப்ப அவனுக்கு ஒரு பிடி சோறு குழைக்கப் பயமாக் கிடக்கு."

பின்சுவரில் சாய்ந்திருந்த நாஸிம் நிமிர்ந்து, புறப்பட ஆயத்தமாக லொறித் திறப்பைப் பொக்கற்றிலிருந்து எடுத்தார். வீரகத்தி நிலத்தைப் பார்த்தார்.

"அம்மா" என்றான் லக்ஷன் வாசலிலிருந்து. "நான் மீன் திண்டனான்."

"ஓம் ராசா, அதைத்தானே சொல்லுறன்."

"இங்கை இல்லை. அங்கை. போய்ச் சேந்த முதல் மாரிக் குளிருக்குள்ளையே."

அவன் உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று சொன்னான். அடைப்பிலிருந்து வெளியே விட்டபிறகும் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் இல்லை. ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவ வைத்திருந்தார்கள். அங்கே மீனைப் பச்சையாகத்தான் பரிமாறுவார்கள். வெட்டி எடுத்தபின் மிஞ்சும் ஓரத்துண்டுகளை ஒரு தட்டில் போட்டு வைப்பார்கள், வேலையாட்கள் தின்னலாம்.

"நிண்ட நிலையிலை எடுத்துத் திண்டனான். முதல்நாள் சத்தி எடுத்தனான். பிறகு பழகீட்டுது. பிறகு விருப்பமாயும் போச்சுது, அம்மா. அந்தக் கடையிலை இப்ப நான்தான் மீன் வெட்டுறது. அந்தப் புழு அங்கத்தைப் புழு. இவையின்ர குளத்திலை ஒரு பிழையும் இல்லை."

அன்னபாக்கியம் மகனைப் பார்க்கவில்லை. பிரஷாந்தினியைத்தான் பார்த்தார்.

"அப்ப நான் ஊட்டின மீனாலை இல்லையோ?"

"இல்லை மாமி. நீங்கள் சமைச்செல்லோ குடுத்தனீங்கள். சமைச்ச மீனிலை எந்தப் புழுவும் உயிரோடை இராது."

அவர் தன் வலக்கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். பின்னால் யாரோ ஒரு மனுசி, நேர்த்தியை முறித்தவன் போய்ப் பொங்கியும் இருக்கிறானே, அம்மன் விடுவாவோ என்று முணுமுணுத்தாள். அன்னபாக்கியத்தின் காதில் அது விழுந்தது.

"நேர்த்தி வச்சது நான்" என்றார் திரும்பாமல். "கேக்கிறதெண்டால் அம்மன் என்னைக் கேக்கட்டும்."

நாஸிம் வீரகத்திக்குப் பக்கத்தில் வந்து, "அண்ணை, விடிய லொறி கொண்டு வாறன். குடலைப் புதைக்கிறதுக்கு ஒரு குழியை வெட்டுங்கோ, நானும் சனத்துக்குக் காட்ட ஒரு படம் எடுக்க வேணும்" என்றார். கதிரைகள் இழுபட்டன. சனம் கலையத் தொடங்கியது. வீரகத்தி மகளின் தலையில் ஒரு தரம் கையை வைத்துவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு குளக்கரைக்கு நடந்தார். இவ்வளவு நாளும் அவள் ஏன் பேசாமல் இருந்தாள் என்று அவருக்கு விளங்கியிருந்தது. பிரஷாந்தினிக்கு எந்த நேரமும் அழுகை வரும் போலிருந்தது, சந்தோசத்தில்தான்.

அன்னபாக்கியம் மட்டும் எழும்பவில்லை. பிரஷாந்தினி போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். லக்ஷனும் வந்து நின்றான், எங்கே நிற்பது என்று தெரியாதவன் போல.

"நீ அங்கை இருந்த அறையிலை அடுப்பு இல்லையோ?" என்று தாய் கேட்டார்.

"இல்லை அம்மா. ஏழு பேர் படுக்கிற அறை."

"அந்தக் கடையிலை சோறு இருக்குமெல்லோ?"

"சோறு விலைக்கு. மிஞ்சின மீன்தான் சும்மா கிடைச்சது."

"பசிச்சதெண்டு ஒரு நாளும் சொல்லேல்லையே, மோனை."

நேர்த்தியைச் சொன்ன வாயிடம் பசியை எப்படிச் சொல்வது என்பது பிரஷாந்தினிக்குக்கூட விளங்கியது. அன்னபாக்கியத்துக்கு விளங்காமல் இருக்குமா?

"பிள்ளையைக் காப்பாத்து எண்டு அம்மனைக் கேட்டனான்" என்றார் அவர், பிரஷாந்தினியிடம் சொல்வது போல. "கேட்டுப்போட்டு, அவன்ர சாப்பாட்டை நானே மறிச்சுப்போட்டன்."

"எழும்புங்கோ அம்மா, வீட்டை போவம்" என்று லக்ஷன் கையை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கதிரையில் இருந்தபடியே, வயிறு நிறைந்ததோ என்று சின்னப் பிள்ளைக்குப் பார்ப்பது போல, அவனுடைய வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.